வானமும் ஓர் அறை

மும்பையின் துறைமுக இரயில் தடத்தில், உப்பங்கழியைக் கடப்பதற்கு முன் வரும் கடைசி நிலையம் மான்குர்த். அந்நிலையத்தை விட்டுப் புறப்பட்டதும் இரயில் நீண்ட பாலத்தின்மேல் செல்லும். இருபுறமும் சேற்றில் வேரூன்றிய அலையாத்தி மரங்கள் பசுமையாக விரிந்திருக்கும். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இரை தேடும். பாலம் முடிந்ததும் வாஷி நிலையம் வரும்; அங்கிருந்து நவி மும்பை தொடங்குகிறது. சான்பாடா, ஜூயிநகர், நெருள், சீவுட்ஸ் ஆகிய நிலையங்களைக் கடந்தால் பேலாப்பூரை அடையலாம். மான்குர்த்திலிருந்து அங்குச் செல்ல அரை மணி நேரம் போதும்.

இக்கழியின் இரு கரைகளிலும் வசதி குறைந்த குடும்பங்களை மனத்தில் கொண்டு வீடுகள் கட்டப்பட்டன. ஒரு கரையில் பல வீடுகளில் நண்பகலிலும் விளக்கு எரிகிறது. மறுகரையில் கட்டப்பட்ட சிறிய வீடுகளின் வாசலிலோ வெயிலும் நிலவும் மழையும் தாமாகவே வந்து இறங்கின. இந்த வேறுபாடு எதனால் வந்தது? பணத்தாலா, நிலத்தாலா, வரைபடம் வரைந்தவரின் எண்ணத்தாலா? இவ்வினாவுக்கு விடை தேடினால், வீடு என்பது என்ன என்பதும் விளங்கும்.

நண்பகலில் எரியும் விளக்கு

மான்குர்த்திலும் அதனை அடுத்த கோவண்டியிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் பல உள்ளன. இரயில் தடங்களைப் பெருக்கவும் சாலைகளை அகலப்படுத்தவும் இடம் தேவைப்பட்டபோது, தண்டவாளத்தின் ஓரங்களில் குடிசை அமைத்து வாழ்ந்த குடும்பங்களுக்கு மாற்று வீடுகளாக இவற்றுள் பல வழங்கப்பட்டன. லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்பன அவற்றுள் பலரும் அறிந்த பெயர்கள். ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி அளவுள்ள வீடு கிடைத்தது. தகரக் கூரையின்கீழ், இரயிலின் அதிர்வில் உறங்கியவர்களுக்குச் செங்கற்சுவரும், பூட்டக்கூடிய கதவும், வீட்டுக்குள்ளேயே கழிவறையும் கிடைத்தது சிறிய பேறன்று. மழைக்கு ஒழுகாத கூரையின் அருமையை ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவரே அறிவர்.

ஆயினும், அவ்வீடுகளுள் பல ஒன்றை இழந்திருந்தன. அது வெளிச்சம். ஏழு மாடி அளவுக்கு உயர்ந்த கட்டடங்கள் சில இடங்களில் ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. கீழ்த்தளத்தில் வாழும் சிறுமி பகல் பன்னிரண்டு மணிக்கும் மின்விளக்கின் ஒளியில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். சன்னலைத் திறந்தால் எதிரே இருப்பது வானம் அன்று, மற்றொரு சுவர்.

இதன் காரணத்தை எளிய கணக்கு ஒன்று விளக்கும். டிசம்பர் மாதத்து நண்பகலில் மும்பையில் கதிரவன் தெற்கே சாய்ந்து நிற்கும். அவ்வேளையில் 21 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் நிழல் வடக்கு நோக்கி ஏறத்தாழ 19 மீட்டர் நீளத்துக்கு விழும். ஆனால், வடக்கே 3 மீட்டர் தொலைவில் அதே உயரமுள்ள மற்றொரு கட்டடம் நின்றால், அந்த நிழல் தரையில் நீள்வதற்கு இடமில்லை. அது எதிர்ச்சுவரின்மேல் ஏறும். தரையிலிருந்து ஏறத்தாழ 18 மீட்டர் உயரம்வரை சுவர் முழுவதும் நிழலில் மூழ்கும். மேல்தளம் மட்டும் வெயிலைக் காணும். அந்த இடைவெளி பார்வைக்குத் தெரு போன்றது. உண்மையில் அது வறண்ட ஆழ்கிணறு போன்றது.

இடைவெளியும் நோயும்

வெளிச்சமின்மை கண்ணுக்கு மட்டும் கேடு செய்வதில்லை. 'டாக்டர்ஸ் ஃபார் யூ' என்னும் தொண்டு நிறுவனம், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களுடன் இணைந்து, இப்பகுதியின் மூன்று குடியிருப்புகளில் ஓர் ஆய்வை மேற்கொண்டது. காசநோய்க்கும் வீடுகளின் அமைப்புக்கும் தொடர்பு உண்டா என்பதே ஆய்வின் பொருள். கட்டடங்கள் நெருங்கி நின்ற இரு குடியிருப்புகளில் நோய் மிகுதியாகவும், இடைவெளி அகன்றிருந்த மூன்றாவது குடியிருப்பில் குறைவாகவும் காணப்பட்டன. மேல்தளங்களைவிட வெயிலும் காற்றும் குறைந்த கீழ்த்தளங்களில் நோயின் சுமை கூடுதலாக இருந்தது.

காசநோய் இருளால் உண்டாவது அன்று; அது ஒரு நுண்ணுயிரியால் உண்டாவது. இராபர்ட் கோக் என்னும் செருமானிய அறிஞர் 1882ஆம் ஆண்டில் அந்நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். நோயுற்றவர் இருமும்போது நுண்ணுயிரிகள் காற்றில் கலக்கின்றன. சன்னல்கள் இருபுறமும் திறந்திருக்கும் அறையில் அக்காற்று விரைவில் வெளியேறிவிடும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் அவ்வுயிரிகளை அழிக்கும். காற்றும் வெயிலும் நுழையாத அறையிலோ அவை நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அதே காற்றையே வீட்டிலுள்ள குழந்தைகளும் முதியோரும் சுவாசிக்க நேரும்.

காசநோய் மருந்தால் குணமாகக் கூடியது. அரசு மருத்துவ நிலையங்களில் அம்மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயுற்றவரைக் குறைசொல்வதற்கு இடமே இல்லை. குறை மனிதரிடத்தில் அன்று. இரு சுவர்களுக்கு நடுவே விடப்பட்ட இடைவெளியில் இருக்கிறது. வீட்டின் பரப்பைச் சதுர அடியால் அளந்தவர்கள், அதனுள் வரவேண்டிய வானத்தை அளக்க மறந்துவிட்டனர்.

மறுகரையில் எழுந்த கேள்வி

"ஏழைக்குக் கூரை கிடைப்பதே பெரிது; வெயிலும் காற்றும் முற்றமும் செல்வருக்கு உரியவை" என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணத்தை மறுத்தவர் சார்லசு கொரியா என்னும் கட்டடக் கலைஞர். அவர் 1930ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் பிறந்தார். அமெரிக்காவில் கல்வி பெற்றபின் மும்பைக்குத் திரும்பித் தொழில் தொடங்கினார். அகமதாபாத்தில் சபர்மதி ஆசிரமத்தை ஒட்டி அமைந்துள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம் அவருடைய தொடக்ககாலப் படைப்புகளுள் ஒன்று. ஓட்டுக் கூரை வேய்ந்த சிறு கூடங்களும் அவற்றிடையே திறந்த முற்றங்களும் கொண்ட எளிய கட்டடம் அது.

1960களில் மும்பைத் தீவில் மக்கள் நெருக்கடி பெருகியது. அப்போது கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் ஆகிய மூவரும் உப்பங்கழிக்கு அப்பால் ஒரு புதிய நகரை அமைக்கலாம் எனத் திட்டம் வகுத்தனர். 1970ஆம் ஆண்டு அந்நகரை உருவாக்குவதற்காகச் 'சிட்கோ' என்னும் அரசு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. நவி மும்பையின் தலைமைக் கட்டடக் கலைஞராகக் கொரியா 1974 வரை பணியாற்றினார்.

அப்பணியின்போது அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. மும்பை போன்ற வெப்ப மண்டல நகரத்தில் மனிதர் செய்யும் வேலைகள் அனைத்துக்கும் நான்கு சுவர்கள் தேவையில்லை. அரிசி புடைப்பதும், துணி உலர்த்துவதும், பிள்ளைகள் விளையாடுவதும், விருந்தினரோடு உரையாடுவதும், கோடை இரவில் உறங்குவதும் திறந்த வெளியிலேயே நடைபெறலாம். மழைக்காலம் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதியில் இது இயலும். குளிர் மிகுந்த நாடுகளில் திறந்த வெளி வீட்டின் பகுதியாக முடியாது. அங்கு ஒவ்வொரு சதுர அடிக்கும் சுவரும் கூரையும் வேண்டும். இங்கோ, கூரையற்ற இடமும் ஓர் அறையே. அந்த அறைக்குச் செங்கல் வேண்டா, சிமிட்டி வேண்டா. ஆதலால், ஏழையின் வீட்டுக்கு முற்றம் கூடுதல் செலவு அன்று. அதுவே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் அறை.

ஏழு வீடுகள், ஒரு முற்றம்

இக்கருத்தைச் செயலாக்கக் கொரியாவுக்குப் பேலாப்பூரில் வாய்ப்புக் கிடைத்தது. பார்சிக் குன்றுகளை ஒட்டிய ஐந்தாறு ஹெக்டேர் நிலத்தில் ஏறத்தாழ 550 குடும்பங்களுக்கான குடியிருப்பு 1983ஆம் ஆண்டுக்கும் 1986ஆம் ஆண்டுக்கும் இடையில் உருவாயிற்று. மக்கள் அதனை இன்று 'ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' என அழைக்கின்றனர்.

அதன் அமைப்பு ஒரு கோலத்தைப் போன்றது. ஏழு வீடுகள் சேர்ந்து ஒரு சிறு முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும். அம்முற்றம் ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது. இத்தகைய மூன்று தொகுதிகள் இணைந்து, 21 வீடுகளாக, 12 மீட்டர் அளவுள்ள பெரிய முற்றம் ஒன்றைச் சூழும். அவ்வாறான மூன்று தொகுதிகள் மேலும் இணைந்து, 20 மீட்டர் அளவுள்ள பொதுவெளியைச் சூழும். குடியிருப்பின் நடுவே ஓடும் சிற்றோடை மழைநீரைக் கொண்டு செல்லும். பெரிய இயந்திரங்களால் மலையைச் சமன்செய்து பெட்டிகளை அடுக்குவதுபோல் அல்லாமல், நிலத்தின் போக்கை அறிந்து அதனோடு இணங்கி அக்குடியிருப்பு அமைந்தது.

பொதுமுற்றத்தோடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனக்கே உரிய திறந்தவெளியும் உண்டு. மனைகள் 45 சதுர மீட்டரிலிருந்து 75 சதுர மீட்டர் வரை அமைந்தன. குறைந்த வருவாய் உடையவருக்கும் நடுத்தர வருவாய் உடையவருக்கும் மனையளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஏழைக்கு ஓரமும் செல்வருக்கு நடுவிடமும் எனப் பிரிக்காமல் எல்லாரும் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ வேண்டும் என்பது கொரியாவின் நோக்கம்.

முன்பு கண்ட நிழற்கணக்கை இங்கும் போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் உயரமுள்ள இருதள வீட்டின் நிழல் டிசம்பர் நண்பகலில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம் விழும். முற்றத்தின் அகலம் 8 மீட்டர். ஆண்டிலேயே நிழல் மிக நீண்டு விழும் காலத்திலும் அங்கே இரண்டரை மீட்டர் அகலத்துக்கு வெயில் மிஞ்சும். வடகம் காயவும் பாட்டியர் வெயில் காயவும் அது போதும்.

நெருக்கமாக வாழ வானளாவிய கட்டடங்களே வழி என்னும் கருத்தையும் இக்குடியிருப்பு மறுத்துக் காட்டியது. தாழ்ந்த வீடுகளைக் கொண்டே ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 100 குடும்பங்களுக்கு அங்கே இடம் அமைக்கப்பட்டது.

வாசல், வளவு, குழாயடி

ஒரு குடும்பத்துக்கு நான்கு வகையான இடங்கள் தேவை எனக் கொரியா வகுத்தார். முதலாவது, சமைக்கவும் உறங்கவும் பொருள்களைக் காக்கவும் வேண்டிய உள்ளறை. இரண்டாவது, பிள்ளைகள் விளையாடி, அண்டை வீட்டாரோடு பேசி மகிழும் வாசற்படி. மூன்றாவது, அக்கம்பக்கத்தார் கூடும் கிணற்றடி அல்லது குழாயடி. நான்காவது, ஊர் முழுமைக்கும் உரிய திடல். உள்ளறை சிறியதாக இருந்தாலும் மற்ற மூன்றும் நன்கு அமைந்தால் வாழ்க்கை நெருக்கடியின்றி நடைபெறும். உள்ளறையும் சிறுத்து, மற்ற மூன்றும் மறைந்துவிட்டால், அந்த வீடு சிறையாகிவிடும்.

இப்பகுப்பு தமிழருக்குப் புதியதன்று. பழைய தமிழ் வீடுகளில் தெருவை நோக்கியிருந்த திண்ணை, வழிப்போக்கர்க்கும் இடம் கொடுத்தது. நடையைக் கடந்தால் வானம் தெரியும் முற்றம். அதனைச் சுற்றித் தாழ்வாரம். பின்னே கொல்லையும் கிணற்றடியும் இருந்தன. திருநெல்வேலி வட்டாரத்தில், ஒரு வாசலுக்குள் பல வீடுகள் பொது முற்றத்தைப் பகிர்ந்து அமைந்திருந்தால் அதனை 'வளவு' என்பர். ஒரு வீட்டில் வைத்த குழம்பின் மணம் வளவு முழுவதும் பரவும். ஒரு வீட்டுக் குழந்தையை அனைவரும் வளர்ப்பர். பேலாப்பூரின் ஏழு வீட்டுத் தொகுதியைக் கண்டால், நெல்லையிலிருந்து வந்த முதியவர் ஒருவர் அதனை வளவு என்றே அழைக்கக்கூடும்.

மும்பைக்கு வந்து குடியேறிய தமிழர் திண்ணையை உடன்கொண்டு வர இயலவில்லை; எனினும் அதன் பழக்கத்தைக் கொண்டுவந்தனர். தாராவியின் குறுகிய சந்துகளில் வாசற்படியே அடுப்படியாகவும் படிப்பறையாகவும் பயன்படுவதைக் காணலாம். ஒரு முழ அகலமே உள்ள இடத்திலும் விடியற்காலையில் கோலம் இடப்படுகிறது. பழைய 'சால்' கட்டடங்களில் வரிசை வீடுகளுக்கு முன்னே நீளும் பொதுத் தாழ்வாரம் மாடியில் அமைந்த திண்ணையாகவே விளங்கியது. மனிதர் எங்குச் சென்றாலும் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடுகின்றனர் என்பதற்கு இவை சான்றாகும்.

முற்றம் மூச்சுவிடும் முறை

முற்றம் அழகுக்காக மட்டும் அமைந்தது அன்று; அது வீட்டின் மூச்சுக்குழல். பகலில் வெயில் பட்டு முற்றத்தின் காற்று சூடாகும். சூடான காற்று எடை குறைந்து மேலெழும். அதன் இடத்தை நிரப்ப, நிழலில் உள்ள அறைகளின் வழியாகக் குளிர்ந்த காற்று நகர்ந்து வரும். இதனால் மின்விசிறி இல்லாதபோதும் வீட்டில் காற்றோட்டம் உண்டாகும். இரவில் வானம் நோக்கித் திறந்த தரை வெப்பத்தை விரைவில் இழக்கும். குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கி அறைகளுக்குள் பரவும்.

முற்றத்தில் ஒரு வேம்போ முருங்கையோ நின்றால் பயன் இருமடங்காகும். இலைகள் வெயிலை மறைப்பதோடு நீராவியை வெளியிட்டுச் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும். சிமிட்டி பூசாத மண்தரை மழைநீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பும்.

மும்பையின் மழையை மறந்து முற்றம் அமைக்க முடியாது. இந்நகரில் ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. அதன் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. எனவேதான் பேலாப்பூர் வீடுகளுக்குச் சரிவான கூரைகள் அமைக்கப்பட்டன. கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டி நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. உயர்ந்து நிற்கும் கோடை வெயிலும் சுவரைத் தாக்காது. இயற்கையை வீட்டுக்குள் அழைப்பது என்பது, எதை எப்போது வரவேற்பது, எதை வாசலிலேயே நிறுத்துவது என அறிந்து செய்வதாகும்.

செலவைச் சுருக்கும் அறிவு

குறைந்த செலவு என்பதற்குத் தரம் குறைந்த பொருள் என்று பொருளில்லை. பேலாப்பூரில் வீடுகள் தனித்தனியே நின்றன. அடுத்த வீட்டோடு பொதுச்சுவர் இல்லை. இதனால் ஒரு குடும்பம் முதலில் ஓர் அறையோடு குடியேறலாம். பணம் சேர்ந்தபின் மற்றோர் அறையையோ மாடியையோ கட்டிக்கொள்ளலாம். அதற்காக அண்டை வீட்டாரின் சுவரை இடிக்க வேண்டியதில்லை. உள்ளூர்க் கொத்தனாரே கட்டக்கூடிய எளிய அமைப்பு என்பதால், வேலையும் கூலியும் அவ்வூராருக்கே கிடைத்தன. குடும்பம் வளர வளர வீடும் வளர்ந்தது.

கேரளத்தில் இதே நோக்கோடு உழைத்தவர் இலாரி பேக்கர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த அவர், தம் நாட்டுக்குத் திரும்பக் கப்பலுக்காக மும்பையில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அதனைச் சுற்றியுள்ள ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்க வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவருடைய வாழ்வின் வழிகாட்டியாயிற்று. பின்னர் இந்தியாவுக்கே வந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007ஆம் ஆண்டு மறையும்வரை எளிய மக்களுக்கான வீடுகளைக் கட்டினார்.

பேக்கரின் முறைகள் மூன்றை இங்கே காணலாம். முதலாவது, செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவது. கொத்தனார்கள் இதனை 'ரேட் டிராப்' கட்டு என்பர். இம்முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே உள்ள காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். இரண்டாவது, காங்கிரீட் கூரையின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதிப்பது. சுமை தாங்காத இடத்தில் காங்கிரீட்டுக்கு மாற்றாக ஓடு அமர்வதால் செலவு குறையும். மூன்றாவது, செங்கற்களுக்கு நடுவே துளைகள் விட்டுச் சுவரையே சன்னலாக்குவது. மரச்சட்டமும் கண்ணாடியும் இன்றியே காற்றும் ஒளியும் உள்ளே வரும்; வெளியார் பார்வையோ உள்ளே எளிதில் புகாது. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் இத்துளைச் சுவர்களை இன்றும் காணலாம்.

காலம் சொன்ன செய்தி

பேலாப்பூர்க் குடியிருப்பு கட்டி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அங்குள்ள வீடுகள் பல இன்று பழைய வடிவில் இல்லை. ஓட்டுக் கூரை இருந்த இடத்தில் காங்கிரீட் மாடிகள் எழுந்துள்ளன. சிலர் வீட்டை முழுவதும் இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொண்டனர். சில வீடுகளின் தனி முற்றங்கள் அறைகளாகிவிட்டன. நவி மும்பை வளர்ந்ததால் நிலத்தின் விலை உயர்ந்தது. எளியவருக்காக எழுந்த இடம் எளியவருக்கு எட்டாததாக மாறி வருகிறது.

இதனைத் தோல்வி எனச் சிலர் கூறுவர். ஆனால், வீடு வளரலாம் என்பதே அதன் தொடக்க எண்ணம். மக்கள் அவ்வாறே வளர்த்துக்கொண்டனர். வீடுகள் மாறினாலும் அவற்றை இணைத்த பொதுமுற்றங்கள் நிலைத்துள்ளன. மரங்கள் வளர்ந்து நிழல் பரப்புகின்றன. சுவரைவிட வெற்றிடம் நெடுநாள் வாழ்கிறது என்பதே காலம் சொன்ன செய்தி. ஆயினும், நிலத்தின் விலையேற்றத்திலிருந்து எளியவரைக் காப்பதற்குக் கட்டடக் கலை மட்டும் போதாது; அதற்குச் சட்டமும் ஆட்சியும் துணைநிற்க வேண்டும்.

மாடியிலும் வானம்

மான்குர்த்தில் இனி எல்லாருக்கும் தனி வீடும் முற்றமும் கட்ட இயலுமா என்னும் ஐயம் எழலாம். நிலம் குறைந்த இடத்தில் அடுக்குமாடிகள் தவிர்க்க முடியாதவை. ஆனால், அடுக்குமாடி என்றால் இருள் என்பது விதியன்று. தென் மும்பையில் கொரியா வடிவமைத்து 1983இல் நிறைவுற்ற 'காஞ்சன்சங்கா' மாளிகையில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருதள உயரமுள்ள தோட்ட முகப்பு உண்டு. அது செல்வருக்கான கட்டடம். செல்வரின் மாடிக்கு வானத்தைக் கொண்டுசெல்ல முடிந்த அறிவு, எளியவரின் மாடிக்கும் அதனைக் கொண்டுசெல்ல முடியும். அதற்குப் பளிங்கு வேண்டா. கட்டடங்களுக்கு இடையே போதிய இடைவெளி, இருமுனையும் திறந்த நடைவழி, எதிரெதிராக அமைந்த சன்னல்கள், பிள்ளைகள் ஓடியாடத் திறந்தவெளி ஆகியவை வரைபடத்திலேயே இடம்பெற்றால் போதும். வரைபடத்தில் விடுபட்ட வெளிச்சத்தைப் பின்னர் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஏற்கெனவே கட்டிய வீடுகளிலும் சிறிது செய்யலாம். சன்னலை மறைத்து அலமாரி வைக்காதிருத்தல், எதிர்ச்சுவருக்கும் உட்சுவருக்கும் வெள்ளை பூசி ஒளியைத் திருப்புதல், காலையும் மாலையும் கதவையும் சன்னலையும் ஒருங்கே திறந்து வைத்தல், கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் குப்பை சேராமல் காத்தல் ஆகியவை செலவற்ற வழிகள். குப்பையும் நாற்றமும் இருந்தால் யாரும் சன்னலைத் திறக்கமாட்டார்; திறக்காத சன்னல் சுவரே ஆகும். எனினும், இவை குறையைத் தணிக்குமே அன்றி நீக்கா. மூன்று மீட்டர் இடைவெளியை எட்டு மீட்டராக்குவது, அடுத்துக் கட்டப்படும் குடியிருப்பின் வரைபடத்தில்தான் இயலும்.

அந்த வரைபடத்தை வரையப்போகிறவர்கள் இன்று பள்ளி மாணவர்கள். மான்குர்த்தின் கீழ்த்தள வீட்டில் விளக்கொளியில் படிக்கும் சிறுமி நாளை கட்டடக் கலைஞர் ஆகலாம். வெளிச்சத்தின் விலை என்னவென்று அவளுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவள் வரையும் வீட்டில், அறைகளின் எண்ணிக்கையோடு வானத்தையும் ஓர் அறையாகச் சேர்த்து எண்ணுவாள்.

அருஞ்சொற்பொருள்

உப்பங்கழி – கடல்நீர் நிலத்தினுள் புகுந்து தேங்கும் நீர்ப்பரப்பு
மறுகுடியமர்வு – ஓரிடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவரை வேறிடத்தில் குடியேற்றுதல்
தாழ்வாரம் – முற்றத்தை ஒட்டிய, கூரை தாழ்ந்த நடைப்பகுதி
நடை – வாயிலிலிருந்து வீட்டின் உள்ளே செல்லும் வழி
திடல் – பொதுவான திறந்தவெளி, மைதானம்

பயிற்சிகள்

அ. சுருக்கமாக விடை எழுதுக.
1. ஒரு குடும்பத்துக்குத் தேவை எனக் கொரியா வகுத்த நான்கு வகை இடங்கள் யாவை?
2. 'ரேட் டிராப்' கட்டுச் சுவரின் இரு நன்மைகளைக் கூறுக.
3. பேலாப்பூர் வீடுகளுக்குச் சரிவான கூரை அமைக்கப்பட்டது ஏன்?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. கட்டடங்களின் இடைவெளிக்கும் காசநோய்ப் பரவலுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. "சுவரைவிட வெற்றிடம் நெடுநாள் வாழ்கிறது" – பாடப்பகுதியைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

இ. செயல்திட்டம்
உங்கள் கட்டடத்துக்கும் எதிர்க்கட்டடத்துக்கும் இடையே உள்ள தொலைவைக் காலடியால் அளந்து எழுதுக. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, நண்பகல், மாலை நான்கு மணி ஆகிய வேளைகளில் உங்கள் வீட்டில் வெயில் விழும் இடங்களைக் குறித்து ஒரு படம் வரைக. ஊரில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ வாழ்ந்த வீட்டில் திண்ணை, முற்றம், வளவு ஆகியவற்றுள் எவை இருந்தன எனக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.